கஞ்சா கடைக்கு வந்த பிறகும் கறுப்பினக் குடும்பங்களில் ஏன் இத்தனை தயக்கம்?

வாசகர் கேள்வி, 2024 ஏப்ரல் 20

"சிகாகோ பக்கம் இருக்கிறேன். அலுவலகத்தில் ஒரு கறுப்பினத் தோழிக்கு முழங்கால் வலி. இலினாயில் 2020லிருந்தே கஞ்சா கடையில் கிடைக்கிறது. அவரிடம் சிபிடி (கஞ்சாச் செடியிலிருந்து எடுப்பது, போதை தராதது) தைலம் என்று பேச்செடுத்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். ராப், ரெக்கே என்று உலகமே கஞ்சாவை இவர்களோடு சேர்த்துத்தான் பார்க்கிறது. வீட்டுக்குள் போனால் நம்மூர் பெரியப்பாவைவிடக் கண்டிப்பாக இருக்கிறார்கள். இது விழிப்புணர்வு இல்லாததாலா, சர்ச் சொல்லிக்கொடுத்ததா? ஆரோக்கியத்துக்கு நல்லது என்று எடுத்துச்சொல்ல யாரும் இல்லையா?"

ஏப்ரல் 20, இரவு

தேதி பார்த்துத்தான் கேட்டீர்களா? இன்று அமெரிக்கக் கஞ்சாப் பிரியர்களின் தீபாவளி.

நான் ஒரு மருத்துவமனை மருந்தகத்தில் வேலை பார்க்கிறேன், இதே ஊர்ப்பக்கம்தான். உங்கள் தோழியின் வயதுக்காரர்கள் தினமும் கவுன்டருக்கு வருகிறார்கள். அவர்களுக்கு விழிப்புணர்வு இல்லை என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். கஞ்சா என்னென்ன செய்யும் என்று உங்களையும் என்னையும்விட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அவர்கள் சொல்லும் 'செய்யும்' உடம்புக்கு மட்டுமல்ல, அவ்வளவுதான்.

ஒரு கணக்கு. கறுப்பினத்தவரும் வெள்ளையரும் கஞ்சா புகைக்கும் விகிதத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் கையில் வைத்திருந்ததற்காகக் கைதாகும் வாய்ப்பு, ஏசிஎல்யூ என்ற சிவில் உரிமை அமைப்பு 2020ல் வெளியிட்ட அறிக்கைப்படி, கறுப்பினத்தவருக்கு 3.64 மடங்கு. அதே அறிக்கையில் நம் இலினாயில் 7 மடங்குக்கு மேல். கைதானால் ஒரு ராத்திரி லாக்கப்போடு போகாது. வேலை விண்ணப்பத்தில் 'குற்றப் பதிவு உண்டா' என்ற கட்டத்தை டிக் செய்ய வேண்டும். 1998 சட்டத்தால் கல்லூரி உதவித்தொகை நின்றுபோன பிள்ளைகள் உண்டு. வீடும் போகும். வீட்டுக் கதை பெரியது, நாளை எழுதுகிறேன்.

ஏப்ரல் 21

வீட்டுக் கதை.

கலிஃபோர்னியாவில் ஓக்லாந்து. அங்கே அரசுக் குடியிருப்பில் பல வருடமாக வாழ்ந்த வயதான பெண்கள் இரண்டு பேர். அவர்களுடைய பேரன்கள் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் கஞ்சா புகைத்துப் பிடிபட்டார்கள். வீட்டுக்குள் கூட இல்லை, வெளியே கார் நிற்கிற இடத்தில். குடியிருப்பு நிர்வாகம் பாட்டிகளைக் காலி செய்யச் சொல்லி வழக்குப் போட்டது. அதே வழக்கில் மாற்றுத்திறனாளியான ஒரு முதியவரும் இருந்தார், அவரைப் பார்த்துக்கொள்ள வந்த பணியாளிடம் கொக்கெய்ன் இருந்ததாம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2002ல் தீர்ப்பு. வாடகைதாரருக்குத் தெரிந்திருந்தாலும் தெரியாவிட்டாலும், வீட்டு ஆளோ விருந்தாளியோ போதைப்பொருள் விவகாரத்தில் மாட்டினால் வீட்டைக் காலி செய்யச் சொல்ல நிர்வாகத்துக்கு அதிகாரம் உண்டு. எட்டு நீதிபதிகளில் ஒருவர்கூட மாறிச் சொல்லவில்லை. ரக்கர் வழக்கு என்று தேடினால் கிடைக்கும்.

இப்போது அந்தக் குடியிருப்பில் நீங்கள்தான் பாட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். பேரன் சட்டையில் வாசம் அடித்தால் என்ன செய்வீர்கள்? "மூலிகைதானே கண்ணு" என்பீர்களா? விளக்குமாற்றை எடுப்பீர்கள். அந்தக் கண்டிப்பை மூடநம்பிக்கை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தலைக்கு மேல் கூரை இருக்க வேண்டும் என்ற கவலை அது.

இதை வைத்துக்கொண்டு 'அந்தக் காலம்' என்று சொல்லிவிடவும் முடியாது. அரசுக் குடியிருப்பு மத்தியச் சட்டத்தின் கீழ் வருகிறது. மத்தியச் சட்டத்தில் கஞ்சா இன்றைக்கும் தடை. இலினாயில் கடையில் ரசீதோடு வாங்கி, அரசுக் குடியிருப்பில் புகைத்தால் இன்றும் பிரச்சினைதான். பணக்காரர் தன் சொந்த வீட்டுப் பால்கனியில் புகைக்கலாம்.

ஏப்ரல் 21, சாப்பாட்டுக்கு அப்புறம்

பின்னூட்டத்தில் ஒருவர் எர்லிக்மன் மேற்கோளைப் போட்டிருக்கிறார். கறுப்பினத்தவரை ஒடுக்கத்தான் போதைப்பொருளுக்கு எதிரான போரைத் தொடங்கினோம் என்று அதிபர் நிக்ஸனின் ஆலோசகர் ஒத்துக்கொண்டதாக வாட்ஸாப்பில் சுற்றுமே, அது. 1994ல் எடுத்த பேட்டி என்று சொல்லி 2016ல் ஹார்ப்பர்ஸ் இதழில் வந்தது. மனிதர் 1999லேயே இறந்துவிட்டார். அவருடைய பிள்ளைகள் மறுத்தார்கள். அதன்மேல் வீடு கட்டாதீர்கள், தேவையும் இல்லை. ஆவணத்தில் இருப்பதே போதுமானது. 1972ல் நிக்ஸன் தானே நியமித்த ஷேஃபர் ஆணையம், சொந்த உபயோகத்துக்கு வைத்திருப்பதைக் குற்றமாக்காதீர்கள் என்றது. அவர் தூக்கி ஓரமாக வைத்துவிட்டார்.

தடையைத் தொடங்கியவர் நிக்ஸன் என்பதும் சரியில்லை. மத்தியச் சட்டம் 1937லேயே வந்தாயிற்று, ஹாரி ஆன்ஸ்லிங்கர் போதைப்பொருள் துறைத் தலைவராக இருந்தபோது. 1930லிருந்து 1962 வரை அதே நாற்காலியில் இருந்தவர். 1944ல் நியூயார்க் மேயர் லகார்டியா அமைத்த மருத்துவக் குழு, நீங்கள் சொல்கிற அளவுக்கு ஆபத்து இல்லை என்று அறிக்கை கொடுத்தபோது, அதை மறுத்து ஒதுக்கியவரும் அவர்தான்.

ஏப்ரல் 23

"இந்தச் சட்டங்களை அவர்களுடைய தலைவர்களே எதிர்த்திருக்கலாமே?" என்று கேட்டவருக்கு.

இங்கேதான் கதை சிக்கலாகிறது. என் மேல்குறிப்புகளைப் படித்தால் தயக்கம் முழுக்கப் போலீஸ் பயம் என்று தோன்றும். அது பாதிதான்.

1975, வாஷிங்டன் டி.சி. அப்போது அங்கே கறுப்பின மக்கள்தான் பெரும்பான்மை. நகர மன்றத்தில் டேவிட் கிளார்க் என்ற வெள்ளை உறுப்பினர் கஞ்சாவுக்குச் சிறை வேண்டாம் என்று மசோதா கொண்டுவந்தார். அதைக் கடுமையாக எதிர்த்தவர் டக் மூர், கறுப்பின உரிமை பேசிய உறுப்பினர். கறுப்பினப் போதகர்கள் அவரோடு நின்றார்கள். மசோதா தோற்றது. அதற்கு முந்தைய சில வருடங்களில் அந்த நகரத்துத் தெருக்களை ஹெராயின் தின்று தீர்த்திருந்தது. தெருவில் ஊசியோடு விழுந்துகிடந்த பிள்ளைகளைத் தூக்கியவர்களிடம் போய் "இது வேறு, அது வேறு" என்று சொன்னால் எடுபடுமா? ஒரு கதவைத் திறந்தால் அடுத்ததும் திறக்கும் என்று பயந்தார்கள். இன்னொன்றும் இருந்தது. வெள்ளைப் பையன் இரண்டு வருடம் கஞ்சாவில் திரிந்துவிட்டு வக்கீலாகத் திரும்பி வரலாம், நம் பையனுக்கு அந்த இரண்டாம் வாய்ப்பு கிடையாது என்ற எண்ணம்.

அந்தப் போதகர்கள் கேட்ட கண்டிப்பு கடைசியில் அவர்கள் பிள்ளைகள் தலையிலேயே விழுந்தது. அதற்காக அவர்களை முட்டாள்கள் என்று சொல்ல மாட்டேன். வேலை, பள்ளிக்கூடம், சிகிச்சை மையம், போலீஸ் எல்லாம் கேட்டார்கள். போலீஸ் மட்டும் தாராளமாகக் கிடைத்தது.

ஏப்ரல் 27

என்னோடு வேலை பார்க்கும் ஒரு அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மருந்தக உதவியாளர், அறுபதைத் தாண்டியவர், சிகாகோவின் சவுத் சைடில் பிறந்து வளர்ந்தவர். ஞாயிறன்று சர்ச் வாசலில் வெள்ளைக் கையுறை போட்டு நின்று ஆட்களை உட்காரவைப்பவர். எங்கள் மருந்தகத்தில் கட்டுப்பாட்டு மருந்து அலமாரியின் எண்ணிக்கை அவர் கையில் என்றால் நான் மறுபடி எண்ண மாட்டேன்.

அவருக்கும் முழங்கால் வலிதான். மகள் ஒரு சிபிடி தைலம் வாங்கிக் கொடுத்திருக்கிறாள். அதை ஒருநாள் மேசையில் பார்த்தேன். வெள்ளை டப்பா, மேலே லேபிள் இல்லை. நகத்தால் சுரண்டிச் சுரண்டி எடுத்திருக்கிறார், பசை மட்டும் அழுக்குப் பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தது. மூடியில் மார்க்கர் பேனாவால் 'முழங்கால்' என்று எழுதியிருந்தார். மருந்தகத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தவர், லேபிள் இல்லாத டப்பாவைக் கண்டால் எங்களைத் திட்டித் தீர்ப்பவர்!

கேட்டேன். "இலைப் படம் போட்டிருந்தது. சர்ச்சில் கைப்பை திறந்து கிடந்தால் என்ன நினைப்பார்கள்?" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து, காரில் போலீஸ் நிறுத்தினாலும் அதே கதைதானே என்றார். அப்போது சிரிக்கவில்லை.

2016ல் மினசோட்டாவில் ஃபிலாண்டோ காஸ்டீல் என்பவரைக் காரில் வைத்துச் சுட்டது நினைவிருக்கிறதா? பள்ளி உணவுக்கூட மேற்பார்வையாளர். சுட்ட போலீஸ்காரர் விசாரணையில், காருக்குள் கஞ்சா வாசனை வந்தது, அதனால் பயம் கூடியது என்றார். ஜூரி அவரை விடுவித்தது. அந்த அம்மா அதை மறக்கவில்லை.

ஏப்ரல் 28

"தைலம் வேலை செய்ததா?" என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். தடவினால் இதமாக இருக்கிறதாம். மெந்தாலும் அதில் இருக்கிறது, எது வேலை செய்கிறது என்று எப்படிச் சொல்ல?

மே 4

சரி, ஆரோக்கியம். இதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன், காரணம் இங்கே இரண்டு தரப்புமே என்மேல் பாயும்.

கஞ்சாவில் மருந்து இருக்கிறது. 2018ல் எபிடியோலெக்ஸ் என்ற சிபிடி மருந்துக்கு, குழந்தைகளின் கடுமையான சில வலிப்பு நோய்களுக்காக, அமெரிக்க மருந்து அனுமதித் துறையான எஃப்டிஏ அனுமதி கொடுத்தது. கீமோதெரபி குமட்டலுக்கும் சில வகை நாள்பட்ட வலிக்கும் சான்று உண்டு. அதைத் தாண்டி 'எல்லா நோய்க்கும்' என்று கடைச் சுவரில் எழுதியிருப்பதை விட்டுவிடுங்கள்.

கறுப்பின மக்களோடு சேர்த்துப் பேச வேண்டிய நோய் ஒன்று உண்டு. சிக்கிள் செல், அதாவது அரிவாள் செல் நோய். சிவப்பணு வளைந்து இரத்தக் குழாயில் அடைத்துக்கொள்ளும். வலி எலும்புக்குள்ளிருந்து வரும். அமெரிக்காவில் சுமார் ஒரு லட்சம் பேருக்கு இருக்கிறது, பெரும்பாலும் கறுப்பினத்தவர், 365 கறுப்பினக் குழந்தைகளில் ஒன்றுக்கு. வலி தாங்காமல் அவசரப் பிரிவுக்கு வருகிறவரைப் பார்த்து "போதைக்கு ஊசி கேட்டு வந்திருக்கிறான்" என்ற சந்தேகப் பார்வை. ஓபியாய்டு வகை வலி மருந்து கேட்டாலும் சந்தேகம், கஞ்சா எடுத்தேன் என்றாலும் சந்தேகம். பலர் சொல்லாமலே இருந்துவிடுகிறார்கள்.

2020ல் கலிஃபோர்னியாவில் நடத்திய சிறு ஆய்வு ஒன்று வெளிவந்தது. 23 சிக்கிள் செல் நோயாளிகள், ஆவியாக இழுக்கும் கஞ்சா, அதோடு ஒப்பிடச் சாரமில்லாத போலி. வலி குறைந்தது என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு வித்தியாசம் வரவில்லை. ஆனால் வலி மனநிலையைக் கெடுப்பது குறைந்தது. ஆபத்தான பக்கவிளைவும் இல்லை. பென்சில்வேனியா, ஒஹையோ போன்ற மாநிலங்களில் மருத்துவக் கஞ்சா அட்டைக்கு இந்த நோய் தகுதியாகிறது.

நம்மவர்கள் இதை 'அவர்கள் நோய்' என்று கடந்துபோக வேண்டாம். இந்தியாவில் சிக்கிள் செல்லை முதன்முதலாகப் பதிவு செய்தது 1952ல், நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான்.

இன்னொரு பக்கமும் சொல்லியாக வேண்டும். கஞ்சாவில் போதை தரும் பொருளான டிஎச்சி இதயத் துடிப்பை ஏற்றும். அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் உயர் இரத்த அழுத்தம் அதிகம். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை போடுகிறவர் சிபிடி எண்ணெயைக் குடித்தால் இரத்தம் உறையும் வேகம் மாறிவிடும், இரத்தக் கசிவு வரை போகலாம். தடவுகிற தைலத்தில் அந்தக் கவலை குறைவு. பதின்வயதில் தினமும் வீரியமான கஞ்சா புகைத்தால் மனச்சிதைவு அபாயம் கூடுகிறது. லேபிளைச் சுரண்டி எடுப்பதில் இந்தத் தகவலும் சுரண்டப்பட்டுப் போகிறது. வெட்கப்பட்டு மறைப்பதை மருந்தாளரிடமும் மறைப்பார்கள். மருந்தகத்தில் எனக்கு இதுதான் தலைவலி.

மே 5

கஞ்சா சித்த மருந்துதானே என்று பின்னூட்டத்தில் சித்தர்கள் வந்துவிட்டார்கள்! இரண்டு வாரம் தாமதம். போகர் பெயரைச் சொல்லிச் சண்டை போடுகிறவர்கள் தனி இழை தொடங்குங்கள், நானும் வந்து படிக்கிறேன்.

மே 11

கர்ப்பிணிகள் பற்றிக் கேட்டவருக்கு. கர்ப்ப காலத்தில் வேண்டாம், அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் பரிசோதனை யாரைக் குறிவைக்கிறது என்று பாருங்கள். ஃப்ளோரிடாவின் பினெல்லஸ் கவுன்டியில் கர்ப்பிணிகளைச் சோதித்த ஆய்வு 1990ல் வந்தது. வெள்ளைப் பெண்களில் 15.4 சதவீதம், கறுப்பினப் பெண்களில் 14.1 சதவீதம் பேரிடம் போதைப்பொருளோ மதுவோ தென்பட்டது. அரசுக்குப் புகார் போனது மட்டும் கறுப்பினப் பெண்கள்மேல் ஏறத்தாழ 10 மடங்கு. இதைப் படித்த பிறகு, மகப்பேறு மருத்துவமனையில் ஒரு பெண் வாயைத் திறக்கவில்லை என்றால் அவளைக் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள்.

மே 17

"பைடன் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கிவிட்டார்" என்று காலையிலிருந்து நாலு பேர் போட்டாயிற்று. இல்லை. நேற்று வந்தது முன்மொழிவு மட்டும், மத்திய அரசின் போதைப்பொருள் பட்டியல்களில், ஹெராயின் இருக்கும் கண்டிப்பான முதல் பட்டியலிலிருந்து மூன்றாம் பட்டியலுக்கு இறக்கலாம் என்று. வந்தால் உடனடி லாபம் கம்பெனிகளுக்கு, 280ஈ என்ற வரிப் பிரிவால் செலவைக் கழிக்க முடியாமல் திணறுகிறார்கள். அரசுக் குடியிருப்புப் பாட்டிக்கு வரப்போகும் லாபத்தை நானும் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

ஜூன் 18

மேரிலாண்ட் ஆளுநர் வெஸ் மூர் நேற்று 1,75,000க்கும் மேற்பட்ட கஞ்சா தண்டனைகளுக்கு மன்னிப்புக் கொடுத்துவிட்டார். அந்த மாநிலத்தின் முதல் கறுப்பின ஆளுநர். நல்ல செய்தி. ஆனால் "சிறையிலிருந்து லட்சம் பேர் விடுதலை" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார், அப்படி இல்லை. இந்த மன்னிப்பால் யாரும் சிறையிலிருந்து வெளியே வரவில்லை, இவை பழைய பதிவுகள். 2022ல் பைடன் கொடுத்த மன்னிப்பும் அப்படித்தான். வெறுமனே கஞ்சா வைத்திருந்ததற்காக மட்டும் அப்போது மத்திய அரசின் சிறைகளில் யாரும் இல்லை.

பதிவு அழிவது சின்ன விஷயமும் அல்ல. இலினாயில் 2020 முடிவதற்குள் ஏறத்தாழ ஐந்து லட்சம் சிறு கஞ்சாக் கைதுப் பதிவுகளை அழித்தார்கள். அந்த அம்மாவின் தம்பி பெயர் இப்படி ஒரு பட்டியலில் போயிருக்கிறது. "அழித்துவிட்டார்கள், சரி. அவனுக்கு அப்போது கிடைக்காமல் போன வேலையை யார் தருவது?" என்றார். என்னிடம் பதில் இல்லை, பேச்சை மாற்றினேன்.

ஜூன் 22

பக்கத்து ஊர் எவன்ஸ்டன் பற்றிச் சொல்ல மறந்தே போனேன். கஞ்சா விற்பனைக்கு நகரம் 3 சதவீத வரி போட்டு, அதிலிருந்து முதல் ஒரு கோடி டாலரைக் கறுப்பின மக்களுக்கான இழப்பீட்டுக்கு என்று 2019ல் தீர்மானித்தது. 1919க்கும் 1969க்கும் இடையில் அங்கே வாழ்ந்து வீட்டு விஷயத்தில் ஒதுக்கப்பட்டவர்களுக்கும் அவர்கள் வாரிசுகளுக்கும் தலைக்கு 25,000 டாலர். எந்தச் செடிக்காகப் பிடித்தார்களோ அதன் வரியிலிருந்தே கொடுப்போம் என்ற யோசனை எனக்குப் பிடித்திருந்தது. நடைமுறையில் ஊரில் இருந்தது ஒரே கடை. வரி சொட்டுச் சொட்டாக வந்தது. வயதானவர்கள் வரிசையில் காத்திருந்தார்கள். அப்புறம் 2022ல் வீடு கைமாறும்போது வரும் வரியிலிருந்தும் எடுத்துச் சேர்த்தார்கள்.

நியூயார்க்கில் இருப்பவர் "எங்கள் ஊரில் 1977லேயே குற்றமில்லை என்றாகிவிட்டதே" என்கிறார். காகிதத்தில் ஆம், சிறு அளவுக்கு அபராதம் மட்டும். ஆனால் 'பொது இடத்தில் தெரியும்படி' வைத்திருந்தால் குற்றம் என்று ஒரு வரி இருந்தது. போலீஸ் தெருவில் நிறுத்தி, பாக்கெட்டில் இருப்பதை வெளியே எடு என்பார்கள். பையன் எடுப்பான். எடுத்த கணமே அது பொது இடத்தில் தெரிகிறது! 2011ல் மட்டும் அந்த நகரத்தில் ஐம்பதாயிரம் கைதுகள், பெரும்பாலும் கறுப்பின, லத்தீன் இளைஞர்கள். இதைக் கண்டுபிடித்த மூளையை நினைத்தால் ஒரு பக்கம் வியப்பாகவும் இருக்கிறது.

ஜூலை 6

நம்மவர்களுக்கு ஒரு எச்சரிக்கை, இழைக்குக் கொஞ்சம் வெளியே. 'இங்கே சட்டபூர்வம்தானே' என்று கிரீன் கார்டில் இருப்பவர்கள் சொல்வதைக் கேட்கிறேன். குடியுரிமைத் துறை 2019 ஏப்ரலிலேயே சொல்லிவிட்டது. மாநிலச் சட்டம் அனுமதித்தாலும், கஞ்சா பயன்படுத்தினேன் என்று ஒத்துக்கொண்டால், கஞ்சாக் கடையில் வேலை பார்த்தால்கூட, குடியுரிமை விண்ணப்பத்தில் 'நன்னடத்தை' அடிபடலாம். குடியேற்ற நேர்காணலுக்குப் போகும்முன் வக்கீலைப் பாருங்கள். இதைப் படித்ததும் வயிற்றில் ஒரு பயம் வருகிறதே, அது குடியுரிமை கிடைக்கும்வரை உங்களுக்கு. அந்த அம்மாவின் குடும்பத்தில் அது மூன்று தலைமுறை.

ஆகஸ்ட் 10

அமெரிக்க ஓட்டக்காரி ஷகாரி ரிச்சர்ட்ஸன் நேற்று பாரிஸ் ஒலிம்பிக்கில் 4x100 தொடர் ஓட்டத்தில் தங்கம், போன வாரம் 100 மீட்டரில் வெள்ளி. 2021ல் இதே பெண் டோக்கியோ தேர்வுப் போட்டியில் 10.86ல் ஜெயித்தாள். பெற்ற தாய் இறந்த செய்தி ஒரு நிருபர் வாயால் தெரிந்து, அந்த நாட்களில் கஞ்சா எடுத்தாள். அந்தப் போட்டி நடந்த ஒரேகன் மாநிலத்தில் சட்டப்படி தப்பில்லை. ஆனால் ஓட்டப் பந்தய விதிப்படி ஒரு மாதத் தடை, ஒலிம்பிக் போயிற்று. அப்போது பாவம் என்று சொன்னவர்களைவிட "இவர்களே இப்படித்தான்" என்றவர்கள் அதிகம், நம் குழுக்களிலும் சேர்த்து. அந்த இரண்டாவது வாக்கியம் வரும் என்று தெரிந்துதான் தாய்மார்கள் முன்கூட்டியே கண்டிக்கிறார்கள். விளையாட்டு மருந்துத் தடுப்பு அமைப்பு 2022ல் மறுபடி யோசித்து, போட்டி நாளில் தடை தொடரட்டும் என்று முடிவெடுத்தது.

ஆகஸ்ட் 14

"சிபிடியில் போதையே இல்லையே, அதையுமா பயப்பட வேண்டும்?" கடைசியாக வந்த கேள்வி.

பஸ், லாரி, ரயில் ஓட்டுகிறவர்களுக்கு மத்தியப் போக்குவரத்துத் துறை சிறுநீர்ச் சோதனை உண்டு. சிபிடி மட்டும்தான் எடுத்தேன் என்பது டிஎச்சி தென்பட்டதற்குக் காரணமாகாது என்று 2020 பிப்ரவரியிலேயே அறிவித்துவிட்டார்கள். 2018 வேளாண் சட்டத்துக்குப் பிறகு பெட்ரோல் பங்கில்கூட சிபிடி விற்கிறார்கள், பாட்டிலில் என்ன எழுதியிருக்கிறது, உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் ஒழுங்காகச் சோதிப்பதில்லை. போன மாதம் ஒரு பஸ் ஓட்டுநர் கவுன்டரில் பாட்டிலைக் காட்டி "டிஎச்சி பூஜ்யம் என்று போட்டிருக்கிறதே, குடிக்கலாமா?" என்று கேட்டார். இடுப்பு வலி, ஓய்வூதியத்துக்கு இன்னும் மூன்று வருடம் பாக்கி. ஓட்டும்வரை தொடாதீர்கள் என்றேன். வலிக்குத் தடவும் டைக்ளோஃபெனாக் ஜெல் எந்த வரிசையில் இருக்கிறது என்று காட்டினேன், ஒன்று வாங்கிக்கொண்டு போனார்.